ஆக்சஸ் ரிப்போர்ட்: பிரிண்ட் தொல்லைகளும் தீர்வுகளும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் வேர்டு, எக்ஸெல் இரண்டையும் ஓரளவு பழகிய பிறகு எம்.எஸ். ஆக்சஸ் பக்கம் வருகிறார்கள். வீட்டில் இருந்தபடியே ஒரு கடைக்கோ சிறு கம்பெனிக்கோ கணக்கு எழுதித் தருபவர்களுக்கு இது நல்ல துணை. விவரங்களை டைப் செய்து சேர்ப்பது வரை எல்லாம் சுலபமாகவே நடக்கும். பிரிண்ட் எடுக்கும் நாளில்தான் தொல்லை ஆரம்பிக்கும். திரையில் அழகாகத் தெரிந்த ரிப்போர்ட், தாளில் வேறு முகம் காட்டும். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெள்ளைத் தாள் வரும். எழுத்துகள் நகர்ந்து அடுத்த கட்டத்தில் ஏறும். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி வரும். இவற்றை எப்படிச் சரி செய்வது என்று இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் என் அனுபவம் ஒன்று. நான் திருவள்ளூரில் வசிக்கும் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய யூனிட்டில் இருந்து ஒரு மாதம் 6-ஆம் தேதி மாலை எனக்குப் போன் வந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி தயாரிக்கும் ஆலைகளும் நிறைந்த பகுதி அது. பீகார், ஒடிசா மாநிலங்களில் இருந்து வந்தவர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அந்த யூனிட்டில் சம்பளக் கணக்கு முழுவதும் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்த ஆக்சஸ் டேட்டாபேஸில் இருந்தது. பழைய கம்ப்யூட்டரும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ஒரே வாரத்தில் கெட்டுப்போய்விட்டன. புதுக் கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கி, டேட்டாபேஸ் ஃபைலை அதில் காப்பி செய்திருந்தார்கள். மறுநாள் சம்பளம். ரிப்போர்ட்டைப் பிரிண்ட் கொடுத்தால் பாதிக்குப் பாதி வெள்ளைத் தாள்.

நான் போய்ப் பார்த்து, பத்து நிமிடத்தில் வெள்ளைத் தாள் தொல்லையைத் தீர்த்துவிட்டேன். சீட்டுகள் வரிசையாக வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கணக்கு எழுதும் பெரியவர் மட்டும் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இந்தப் பையனுக்கு ஓ.டி. 125 ரூபாய்தானா? மூணு ராத்திரி நின்னானே" என்றார். டேபிளைத் திறந்து பார்த்தேன். அங்கே 1250 என்று சரியாக இருந்தது. சீட்டில் கடைசி இலக்கம் விழுந்துவிட்டது. பார்த்தால் இன்னும் பதினோரு சீட்டுகளில் இதே கதை.

வெள்ளைத் தாள் வந்தால் தாள்தான் வீண். அதுவும் உடனே கண்ணில் படும். இலக்கம் விழுந்த சீட்டோ பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். அதை வாங்கிப் போகிறவர் தன் கணக்கைச் சரிபார்க்கக் கையில் உள்ள காகிதம் அது ஒன்றுதான். ஆகவே, ரிப்போர்ட் பிரிண்ட் ஆகிவிட்டது என்பதோடு நின்றுவிடாமல், டேபிளில் உள்ளதுதான் தாளில் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டேபிள் வேறு, ரிப்போர்ட் வேறு

புதியவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். டேட்டாபேஸில் விவரங்கள் இருக்கும் இடம் டேபிள். அது ஒரு கணக்கு நோட்டு போல. அதிலிருந்து தேவையானவற்றை மட்டும் எடுத்துக் கொடுப்பது கொயரி. எடுத்ததைத் தாளில் எந்த இடத்தில், எந்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சொல்வது ரிப்போர்ட். எனவே ரிப்போர்ட் தப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டேபிளில் உள்ள விவரம் பத்திரமாகவே இருக்கும்.

அப்படியானால் கம்ப்யூட்டர் மாறியதும் ரிப்போர்ட் ஏன் கெடுகிறது? டாஸ் காலத்து டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ தொகுப்புகள் பொதுவாக எழுத்துகளை வரிசையாகப் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி என்பதுதான் கணக்கு. 1992-இல் வெளிவந்த ஆக்சஸ் விண்டோஸ் தொகுப்பு. அது தேர்ந்தெடுத்துள்ள பிரிண்டரின் தாள் அளவு, அச்சிட முடியாத ஓரம், அதில் உள்ள எழுத்துருக்கள் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பக்கத்தை அமைக்கிறது. பிரிண்டர் மாறினால் பக்கமும் மாறும். கீழே வரும் சிக்கல்களில் பலவற்றுக்கும் மூலம் இதுவே.

எதையும் மாற்றும் முன் டேட்டாபேஸ் ஃபைலை இன்னொரு ஃபோல்டரில் காப்பி எடுத்து வைத்துவிடவும். பழைய ஃபைல் எம்.டி.பி. என்றும், ஆக்சஸ் 2007 முதல் வந்த ஃபைல் ஏ.சி.சி.டி.பி. என்றும் முடியும். ஆக்சஸ் 2000 முதல் 2003 வரை உருவாக்கிய எம்.டி.பி. ஃபைல்களை இன்றைய ஆக்சஸும் திறக்கும்.

ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெள்ளைத் தாள்

இதற்கு ஒரே ஒரு கூட்டல் கணக்கு போதும். ரிப்போர்ட்டின் அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின் மூன்றையும் கூட்டினால் தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிச்சம் உள்ள துண்டை ஆக்சஸ் அடுத்த தாளில் அச்சிடும். அந்தத் துண்டில் ஒன்றும் இல்லாததால் அது வெள்ளைத் தாளாக வரும்.

நம் ஊரில் இது அடிக்கடி வரக் காரணம் தாள் அளவு. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் லெட்டர் தாளின் அகலம் 21.59 செ.மீ. நாம் வாங்கும் ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2.54 செ.மீ., அதாவது ஒரு அங்குலம், மார்ஜின் விட்டால் லெட்டர் தாளில் 16.51 செ.மீ. இடம் கிடைக்கும். ஏ4-இல் 15.92 செ.மீ. தான். லெட்டர் அளவுக்கு அமைத்த ரிப்போர்ட்டை ஏ4-இல் கொடுத்தால் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வெளியே நிற்கும். அந்த அரை சென்டிமீட்டருக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள் போகும்.

தீர்வு இதோ. ரிப்போர்ட்டை டிசைன் வியூவில் திறக்கவும். பேஜ் செட்டப் டயலாக் பாக்ஸில் பேஜ் டேப் சென்று தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். ஆக்சஸ் 2003 வரை இது ஃபைல் மெனுவில் இருக்கும்; அதற்குப் பின் வந்தவற்றில் ரிப்பனில் பேஜ் செட்டப் டேப்பில் இருக்கும். பிறகு ரிப்போர்ட்டின் வலது ஓரத்தை மவுஸால் பிடித்து இடப்புறம் இழுக்கவும். ஓரம் நகர மறுத்தால் அங்கே ஒரு கோடோ காலியான லேபிளோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். பக்கத் தலைப்பின் கீழே போட்ட நீளக் கோடுதான் பல சமயம் குற்றவாளி. அதைச் சுருக்கிவிட்டு மறுபடி இழுத்தால் ஓரம் வந்துவிடும். ப்ராப்பர்ட்டி ஷீட்டில் ஃபார்மட் டேப்பில் உள்ள விட்த் என்ற இடத்தில் அகலத்தை எண்ணாகவும் கொடுக்கலாம்.

எண்ணில் இலக்கம் விழுவது

இதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. நான் பார்த்த சீட்டில் நடந்தது இதுதான். பழைய ரிப்போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் டிராஃப்ட் எழுத்துருவைக் கொடுத்திருந்தார்கள். அந்த எழுத்துரு பிரிண்டரோடு வருவது. லேசர் பிரிண்டரில் அது கிடையாது. எனவே விண்டோஸ் வேறு ஒரு எழுத்துருவைப் போட்டது. அது சற்று அகலமான எழுத்து. நான்கு இலக்கத்துக்கு இம்மி பிசகாமல் வைத்திருந்த கட்டத்தில் இப்போது மூன்று இலக்கம்தான் அடங்கியது.

முதலில் எழுத்துருவை மாற்றவும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் போல விண்டோஸில் எப்போதும் இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் மாறினாலும் பாதிப்பு குறைவு. இரண்டாவதாகக் கட்டத்தின் அகலத்தைக் கூட்டவும். சம்பளக் கட்டத்துக்கு அகலம் வைக்கும்போது சாதாரணத் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். வரக்கூடிய மிகப் பெரிய தொகையை, காற்புள்ளி, பைசா எல்லாம் சேர்த்து டைப் செய்து பாருங்கள். கீழே வரும் மொத்தத் தொகையின் கட்டம் இன்னும் அகலமாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு. ஆக்சஸ் 2007 முதல் ஃபைல் மெனுவில் (2007-இல் ஆபீஸ் பட்டனில்) ஆப்ஷன்ஸ் சென்று கரண்ட் டேட்டாபேஸ் பகுதியைத் திறந்தால், செக் ஃபார் ட்ரங்கேட்டட் நம்பர் ஃபீல்ட்ஸ் என்ற ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே டிக் செய்துவிடவும். இனி எண் கட்டத்தில் அடங்காவிட்டால் அரைகுறை எண் வராது. எக்ஸெலில் வருவது போலக் கட்டம் முழுவதும் ஹாஷ் குறிகள் வரும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் தப்பு நடந்திருக்கிறது என்று அது கத்திச் சொல்லிவிடும். தப்பான எண்ணைவிட ஹாஷ் குறி ஆயிரம் மடங்கு மேல்.

பெயர் நீளமாக இருந்தால் கேன் க்ரோ என்ற ப்ராப்பர்ட்டிக்கு யெஸ் கொடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். அது கட்டத்தைக் கீழ்நோக்கித்தான் வளர்க்கும், அகலத்தைக் கூட்டாது. எனவே எண்ணுக்கு அது மருந்தல்ல. ஒரு தாளில் மூன்று சீட்டு வைத்து வெட்டிக் கொடுப்பவர்கள் பெயருக்கும் அதை யெஸ் வைக்க வேண்டாம். ஒரு பெயர் இரண்டு வரிக்குப் போனால் அடுத்த சீட்டு கீழே தள்ளப்பட்டு, வெட்டும் இடம் மாறிவிடும். பெயர்க் கட்டத்தையே இரண்டு வரி உயரத்துக்கு வைத்துவிடுவது நல்லது. ஒரே சீட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து வந்தால் டீடெய்ல் செக்‌ஷனின் கீப் டுகெதர் ப்ராப்பர்ட்டியை யெஸ் என மாற்றவும்.

நேற்று சரியாக வந்தது, இன்று வேறு பிரிண்டருக்குப் போகிறது

பேஜ் செட்டப்பில் பேஜ் டேப்பின் கீழ்ப் பகுதியில் டிஃபால்ட் பிரிண்டர், யூஸ் ஸ்பெசிஃபிக் பிரிண்டர் என இரண்டு வாய்ப்புகள் இருக்கும். முதலாவது இருந்தால் விண்டோஸ் சொல்லும் பிரிண்டருக்கு ரிப்போர்ட் போகும். இங்கேதான் ஒரு சிக்கல். விண்டோஸ் 10-இலும் 11-இலும், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டிஃபால்ட்டாக மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. காலையில் கலர் பிரிண்டரில் ஒரு போட்டோ எடுத்திருந்தால், மாலையில் சலான் அந்தப் பிரிண்டருக்கே போய்விடும்.

செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பகுதிக்குச் சென்று, டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் உள்ள வாய்ப்பை ஆஃப் செய்திடவும். சலானுக்குத் தனிப் பிரிண்டர் வைத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் யூஸ் ஸ்பெசிஃபிக் பிரிண்டர் கொடுத்துப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ரிப்போர்ட்டை சேவ் செய்யவும்.

கம்ப்யூட்டரில் பிரிண்டரே இல்லை என்றால் ஆக்சஸ் பிரிண்ட் பிரிவியூ காட்டவும் மறுக்கும். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் விண்டோஸ் 10 முதல் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப். என்பதை டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் மார்ஜின் பழையபடி மாறிவிடுகிறது என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆப்ஷன்ஸில் நேம் ஆட்டோகரெக்ட் என்ற பகுதியில் ட்ராக் நேம் ஆட்டோகரெக்ட் இன்ஃபோ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடவும். இது குறிப்பாகப் பழைய ஆக்சஸ் 2000, 2002 பதிப்புகளில் பலருக்குத் தலைவலி கொடுத்த விஷயம்.

கம்ப்யூட்டர் பேப்பரில் அச்சு நகர்வது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் அருகே காக்களூர் தொழிற்பேட்டையிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. கார்பன் வைத்து இரண்டு மூன்று நகல் ஒரே அடியில் எடுக்க லேசரால் முடியாது அல்லவா? இதில் வரும் தொல்லை, முதல் சலான் சரியாக வந்து அடுத்தடுத்த சலான்கள் மேலே ஏறிக்கொண்டே போவது.

இரு ஓரமும் துளையிட்ட இந்தத் தொடர் தாள் பொதுவாக 12 அங்குல உயரம். பிரிண்டர் செட்டிங்கில் லெட்டர் என்று இருந்தால் அது 11 அங்குலத்தில் பக்கம் முடிந்துவிட்டது என நினைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அங்குலம் மேலே ஏறும். 12 பக்கம் அடித்து முடிக்கும்போது 11 தாள்தான் செலவாகியிருக்கும்.

இதற்குத் தாள் அளவை நாமே விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் பகுதியிலோ, செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பகுதியிலோ பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் திறக்கவும். கிரியேட் எ நியூ ஃபார்ம் என்பதில் டிக் செய்து, ஒரு பெயர் கொடுத்து, அகலம் 10, உயரம் 12 அங்குலம் எனக் கொடுத்து சேவ் செய்யவும். பாதித் தாள் சலான் என்றால் உயரம் 6. பிறகு பிரிண்டரின் பிரிஃபரன்சஸ், ஆக்சஸின் பேஜ் செட்டப் இரண்டிலும் இந்தப் புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் போதாது.

10 அங்குலத் தாளில் ரிப்போர்ட்டை 10 அங்குலத்துக்கு அமைக்கவும் வேண்டாம். 80 காலம் பிரிண்டர் ஒரு வரியில் அச்சிடும் அகலம் 8 அங்குலம்தான். பிரிண்டர் ஆனில் இருக்கும்போது பக்கவாட்டுக் குமிழைத் திருகித் தாளை நகர்த்துவதையும் தவிர்க்கவும். தாளின் தொடக்கம் எங்கே என்று அது வைத்திருக்கும் கணக்கு பிசகிவிடும். அதில் உள்ள லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் பட்டன்களையே அழுத்தவும்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி

இதில் இரண்டு வகை உண்டு. தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால், அந்த விவரம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். ஆனால் நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவதுதான். ஆக்சஸ் 2000 முதல் யூனிகோடு தமிழை டேபிளில் சேமிக்கலாம். ரிப்போர்ட்டில் நிர்மலா யூ.ஐ. எழுத்துருவைக் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. எக்ஸ்.பி. காலத்தில் நமக்குப் பழக்கமான லதா எழுத்துருவை விண்டோஸ் 10, 11-இல் சில சமயம் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

யூனிகோடில் இருந்தும் கேள்விக்குறி வந்தால் பிரிண்டர் டிரைவரைப் பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் வேகமாக அடிக்கட்டும் என்று ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரைப் போட்டிருப்பார்கள். அது எழுத்துக் குறியீடுகளை மட்டும் அனுப்பும். தமிழ் எழுத்தின் வடிவத்தை அனுப்பாது. பிரிண்டருக்கு உரிய டிரைவரைப் போட்டால் தமிழ் வரும். வேகம் மட்டும் குறையும்.

பிரிண்ட் வரவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்

நீங்கள் அழுத்திய ஒவ்வொன்றும் வரிசையில் காத்திருக்கும். பிரிண்டர் விழித்துக்கொண்டதும் எல்லாம் வரிசையாக வரும். பட்டியல் என்றால் தாள்தான் வீண். சம்பளச் சீட்டோ கேட் பாஸோ என்றால் ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு வெளியே போய்விடும். டாஸ்க்பாரில் உள்ள பிரிண்டர் ஐகானைத் திறந்து, காத்திருக்கும் வேலைகளை கேன்சல் செய்யவும். அதுவும் நகராவிட்டால் சர்வீசஸ் விண்டோவைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலர் என்பதில் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுக்கவும்.

பிரிண்ட் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

பிரிண்டரோ கம்ப்யூட்டரோ மாறிய பிறகு முதன்முறை அச்சிடும்போது கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்திடவும்.

1. பேஜ் செட்டப்பில் பிரிண்டர், தாள் அளவு, மார்ஜின் மூன்றையும் பார்க்கவும்.

2. பிரிவியூவை 100 சதவீத அளவில் வைத்து முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் படிக்கவும்.

3. பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 1 முதல் 1 வரை எனக் கொடுத்து ஒரே பக்கம் மட்டும் அச்சிடவும்.

4. ரிப்போர்ட்டை லேஅவுட் வியூவில் திறந்து, தொகைக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, டோட்டல்ஸ் பட்டனில் சம் கொடுத்து மொத்தம் வரச் செய்யவும். அந்த மொத்தத்தை டேபிளில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடவும். ஆனால் ஆக்சஸ் இந்த மொத்தத்தைத் தாளில் இருந்து கூட்டுவதில்லை. டேபிளில் உள்ள எண்ணில் இருந்தே கூட்டும். எனவே மொத்தம் சரியாக இருந்தும் ஒரு வரியில் இலக்கம் விழுந்திருக்கலாம்.

5. ஆகவே மிகப் பெரிய தொகை உள்ள நான்கைந்து சீட்டுகளை எடுத்து, கால்குலேட்டரில் கூட்டிக் கழித்துப் பார்க்கவும்.

அன்று மாலை நாங்கள் அந்த ஐந்தாவது வேலையைச் செய்யாமல்தான் சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட இருந்தோம். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் வைத்துள்ள கெடு. அவசரத்துக்கு அது ஒரு காரணம். ஆனாலும் பெரியவர் ஒரு சீட்டை நிதானமாகப் படித்ததால் பன்னிரண்டு பேருடைய சீட்டு தப்பாகப் போகாமல் நின்றது. கட்டத்தை அரை சென்டிமீட்டர் அகலமாக்கி, அத்தனை சீட்டையும் மறுபடி எடுத்தோம். கடைசிச் சீட்டு வரும்போது மணி ஒன்பதரை.

உங்கள் டேட்டாபேஸில் ஒரு ரிப்போர்ட்டை இன்றே திறந்து, முதலில் அந்த ட்ரங்கேட்டட் நம்பர் வாய்ப்பில் டிக் செய்து பிரிவியூ பாருங்கள். எங்காவது ஹாஷ் குறி தெரிந்தால் கவலை வேண்டாம். இத்தனை நாள் கண்ணில் படாமல் போன தப்பு ஒன்று பிடிபட்டது என்று வைத்துக்கொண்டு, கட்டத்தை அகலமாக்குங்கள்.